‘டயாலிசிஸ் வேண்டாம்’ – ஒரு வாக்கியம், மூன்று பொருள்

மாணவர்களே, உங்களில் பலர் ஏற்கெனவே மொழிபெயர்ப்பாளர்களாக வேலை பார்க்கிறீர்கள். தாத்தாவையோ பாட்டியையோ மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும்போது, டாக்டர் மலாயிலோ ஆங்கிலத்திலோ சொல்வதைத் தமிழாக்குவது நீங்கள்தான். பெரியவர்கள் தமிழில் சொல்வதை டாக்டரிடம் கொண்டு சேர்ப்பதும் நீங்கள்தான்.

ஒரு சூழலைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பாட்டிக்குப் பல ஆண்டுகளாக இனிப்பு நீர். இப்போது சிறுநீரகமும் பழுதடைந்து வருகிறது. இரத்தச் சுத்திகரிப்பு, அதாவது டயாலிசிஸ் பற்றி யோசிக்க வேண்டும் என்கிறார் டாக்டர். பாட்டி உடனே, “அதெல்லாம் எனக்கு வேணாம்னு டாக்டர்கிட்ட சொல்லுய்யா” என்கிறார். நீங்களும் அப்படியே சொல்கிறீர்கள். ‘நோயாளி டயாலிசிஸை மறுத்துவிட்டார்’ என்று பதிவேட்டில் ஏறிவிடுகிறது.

பாட்டி உண்மையில் சொல்ல வந்தது என்ன? “வாரம் மூன்று நாள் மையத்துக்குப் போய் ஊசி குத்திக்கொண்டு படுத்திருக்க என்னால் முடியாது” என்பதாக இருக்கலாம். “இப்போதே வேண்டாம், கொஞ்ச நாள் போகட்டும்” என்பதாக இருக்கலாம். “எனக்கு வயதாகிவிட்டது, எந்த நிலையிலும் டயாலிசிஸ் வேண்டாம், வலியில்லாமல் வீட்டில் இருந்தால் போதும்” என்பதாகவும் இருக்கலாம். மூன்றும் வெவ்வேறு விருப்பங்கள். மருத்துவத்தில் மூன்றுக்கும் தனித்தனிப் பெயர்கள் உண்டு. அந்தப் பெயர்கள் தெரியாததால், மூன்றும் ஒரே ‘வேண்டாம்’ ஆகிவிடுகின்றன.

சிகிச்சையைப் பற்றி அதிகம் அறிந்தவர் டாக்டர். தம் வாழ்க்கையைப் பற்றி அதிகம் அறிந்தவர் நோயாளி. இரண்டும் சேர்ந்தால்தான் நல்ல முடிவு பிறக்கும். சிறுநீரக நோயை எடுத்துக்காட்டாக வைத்து, அதற்கு உதவும் சொற்களை இந்த வாரம் பார்ப்போம். மலேசியாவில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குவோரில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவே காரணம். எனவே இது நம் குடும்பங்களுக்கு மிக அருகில் இருக்கும் நோய்.

முதலில் எண்ணைக் கேளுங்கள்

“கிட்னி எப்படி இருக்கிறது?” என்று கேட்டால் “கொஞ்சம் குறைந்திருக்கிறது” என்ற பதில்தான் வரும். “இ.ஜி.எஃப்.ஆர். எவ்வளவு?” என்று கேட்டால் ஓர் எண் கிடைக்கும்.

நம் சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 லட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. அவை இரத்தத்தை வடிகட்டும் வேகத்தின் மதிப்பீடே இ.ஜி.எஃப்.ஆர். ஒரு நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் என்று அதை அளக்கிறார்கள். 90-க்கு மேல் இருந்தால் இயல்பான அளவு. 60-க்குக் கீழே மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் நாட்பட்ட சிறுநீரக நோய். 15-க்குக் கீழே இறங்கினால் ஐந்தாம் நிலை, அதாவது கடைசி நிலை.

இந்த எண்ணைக் கணக்கிட இரத்தத்தில் உள்ள கிரியேட்டினின் அளவு தேவை. கிரியேட்டினின் என்பது தசைகள் வேலை செய்யும்போது உண்டாகும் கழிவுப்பொருள். தசை அதிகம் உள்ளவருக்கு அது இயல்பாகவே அதிகமாக இருக்கும். எனவே கிரியேட்டினினை மட்டும் பார்த்து முடிவு சொல்ல முடியாது. 25 வயது இளைஞர் ஒருவருக்கும் 75 வயது பாட்டி ஒருவருக்கும் கிரியேட்டினின் 110 மைக்ரோமோல் என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால் இளைஞரின் இ.ஜி.எஃப்.ஆர். 80-ஐ ஒட்டி வரும். பாட்டியின் எண் 45-ஐ ஒட்டி நிற்கும். கிரியேட்டினின் ஒன்றே என்றாலும் சிறுநீரகங்களின் நிலை வேறு.

இங்கே இரண்டு சொற்களில் கவனம் தேவை. முதலாவது ‘உப்பு’. யூரியா, கிரியேட்டினின் போன்ற கழிவுகள் கூடினால் “உடம்பில் உப்பு கூடிவிட்டது” என்று சொல்லும் பழக்கம் நம்மவரிடையே உண்டு. அது சமையல் உப்பு அன்று. சிறுநீரக நோயாளிகள் உணவில் உப்பைக் குறைக்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அது இரத்த அழுத்தத்துக்காகவும் உடலில் நீர் தேங்காமல் இருக்கவும்தான். உப்பைக் குறைத்தால் கிரியேட்டினின் கரைந்துபோகும் என்று எண்ணிக் காத்திருந்தால் நாள்தான் வீணாகும்.

இரண்டாவது ‘குரோனிக்’. பேச்சு வழக்கில் ‘மிக மோசமான’ என்ற பொருளில் இதைப் பயன்படுத்துகிறோம். மருத்துவத்தில் அதன் பொருள் ‘நீண்ட நாளாக இருப்பது’ என்பது மட்டுமே. அதற்கு எதிர்ச்சொல் ‘அக்யூட்’, அதாவது ‘திடீரென வந்தது’. திடீர்ப் பழுது பல சமயங்களில் சரியாகிவிடும். நாட்பட்ட பழுது பெரும்பாலும் திரும்பாது, ஆனால் அதன் வேகத்தைக் குறைக்கலாம். டாக்டர் எதைச் சொன்னார் என்பதைப் பிரித்து அறிவது மிக முக்கியம்.

டயாலிசிஸ் என்றால் என்ன?

உங்கள் பள்ளி ஆய்வகத்தில் விஸ்கிங் குழாயைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் மாவுக் கரைசலையும் குளுக்கோஸ் கரைசலையும் ஊற்றி, இரண்டு முனைகளையும் கட்டி, காய்ச்சி வடித்த நீரில் போட்டு வைப்போம். சிறிது நேரத்தில் வெளிநீரில் குளுக்கோஸ் இருக்கும், மாவு இருக்காது. சிறிய மூலக்கூறுகள் சவ்வின் நுண்துளைகள் வழியே பரவும், பெரியவை பரவா. இதுதான் டயாலிசிஸின் அடிப்படை. விஸ்கிங் குழாய்க்கு ‘டயாலிசிஸ் குழாய்’ என்ற பெயரும் உண்டு.

நெதர்லாந்தில் 1943-ஆம் ஆண்டில், போர்க்காலத் தட்டுப்பாட்டுக்கு நடுவே, வில்லெம் கோல்ஃப் என்ற மருத்துவர் முதல் செயற்கைச் சிறுநீரகத்தை நோயாளிக்குப் பயன்படுத்தினார். அவர் எடுத்துக்கொண்ட சவ்வு, சாசேஜ் தயாரிக்கப் பயன்படும் செல்லோஃபேன் உறை. தொடக்கத்தில் பல நோயாளிகளைக் காப்பாற்ற முடியவில்லை. 1945-இல் 67 வயதுப் பெண் ஒருவர் பிழைத்தார்.

இன்றும் தத்துவம் அதுவே. இரத்தம் ஒருபுறம், சுத்திகரிப்புத் திரவம் மறுபுறம், நடுவில் சவ்வு. அந்தச் சவ்வு இயந்திரத்தில் இருக்கிறதா, நம் உடலுக்குள்ளேயே இருக்கிறதா என்பதைப் பொறுத்துச் சிகிச்சையின் பெயர் மாறுகிறது.

நான்கு வழிகள், நான்கு பெயர்கள்

ஹீமோடயாலிசிஸ்: ‘ஹீமோ’ என்றால் இரத்தம். இரத்தத்தை வெளியே எடுத்து, இயந்திரத்தில் சுத்தம் செய்து, மீண்டும் உடலுக்குள் அனுப்புவார்கள். பொதுவாக வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரம். இதற்கு வலுவான இரத்தக்குழாய் தேவை. அதனால் கையில் ஒரு தமனியையும் ஒரு சிரையையும் சிறிய அறுவைச் சிகிச்சை மூலம் இணைப்பார்கள். இதன் பெயர் ஃபிஸ்டுலா. அது பயன்படும் அளவுக்குத் தயாராகப் பல வாரங்கள், சில வேளை சில மாதங்கள்கூட ஆகும். “அப்புறம் பார்க்கலாம்” என்று தள்ளிப்போட்டவர், அவசர நிலையில் கழுத்துச் சிரையில் குழாய் பொருத்திக்கொண்டு தொடங்க நேரிடும். அதில் கிருமித் தொற்று அபாயம் கூடுதல். ஆகவே, டயாலிசிஸ் தொடங்கும் நாள் தூரத்தில் இருந்தாலும், “ஃபிஸ்டுலா எப்போது செய்ய வேண்டும்?” என்று இப்போதே கேட்கலாம்.

பெரிட்டோனியல் டயாலிசிஸ்: நம் வயிற்று உறுப்புகளைச் சுற்றிப் பெரிட்டோனியம் என்ற மெல்லிய சவ்வு இருக்கிறது. வயிற்றில் ஒரு சிறு குழாய் பொருத்தி, திரவத்தை உள்ளே விட்டு, சில மணி நேரம் வைத்திருந்து வெளியேற்றுவார்கள். கழிவுகள் பரவல் முறையில் திரவத்துக்கு வந்துவிடும். திரவத்தில் குளுக்கோஸ் இருப்பதால், கூடுதல் நீர் சவ்வூடுபரவல் முறையில் வெளியேறும். கையால் செய்யும் முறைக்கு சி.ஏ.பி.டி. என்று பெயர். வழக்கமாக நாளுக்கு நான்கு முறை, ஒவ்வொரு முறையும் சுமார் 2 லிட்டர், மாற்றுவதற்கு அரை மணி நேரம். இரவில் தூங்கும்போது இயந்திரமே மாற்றிவிடும் முறைக்கு ஏ.பி.டி. என்று பெயர். இரண்டையும் வீட்டிலேயே செய்யலாம். ஆனால் கை சுத்தத்தில் கொஞ்சமும் அலட்சியம் கூடாது. வெளிவரும் திரவம் கலங்கலாக இருந்தால் பெரிட்டோனைட்டிஸ் என்ற தொற்றாக இருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். திரவத்தில் உள்ள குளுக்கோஸில் ஒரு பகுதி உடலுக்குள் போகும் என்பதால், நீரிழிவு உள்ளவர்கள் அதையும் டாக்டரிடம் பேச வேண்டும்.

சிறுநீரக மாற்று: உயிருடன் இருக்கும் ஒருவரிடமிருந்தோ இறந்த கொடையாளரிடமிருந்தோ பெறும் சிறுநீரகத்தை அடிவயிற்றில் பொருத்துவார்கள். பழைய சிறுநீரகங்களைப் பெரும்பாலும் எடுப்பதில்லை. உடல் புதிய உறுப்பை நிராகரிக்காமல் இருக்க, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளைத் தொடர்ந்து உட்கொள்ள வேண்டும். எல்லாருக்கும் இது பொருந்தாது. இதயம், வயது, மற்ற நோய்கள் எல்லாவற்றையும் பார்த்தே முடிவு செய்வார்கள்.

கன்சர்வேட்டிவ் சிகிச்சை: டயாலிசிஸ் செய்யாமல், மூச்சுத் திணறல், அரிப்பு, வலி, இரத்தச் சோகை போன்றவற்றுக்கு மருந்து கொடுத்து, இருக்கும் நாளை நலமாக வாழ உதவும் முறை. இதைச் ‘சிகிச்சை இல்லை’ என்று மொழிபெயர்ப்பது பெருந்தவறு. டாக்டரும் தாதியரும் தொடர்ந்து பார்த்துக்கொள்வார்கள். வேறு கடுமையான நோய்களும் உள்ள மிக முதிய வயதினருக்கு, டயாலிசிஸால் கிடைக்கும் நன்மை குறைவாக இருக்கலாம். அவர்களில் சிலர் எல்லாவற்றையும் புரிந்துகொண்டு இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இப்போது பாட்டியின் ‘வேண்டாம்’ என்ன ஆகிறது?

மையத்துக்குப் போய்வர முடியாது என்பதே கவலை என்றால், கேள்வி இப்படி மாறும்: “பாட்டி வீட்டிலேயே செய்ய விரும்புகிறார். பெரிட்டோனியல் டயாலிசிஸ் இவருக்குப் பொருந்துமா? இவருக்குக் கண் பார்வை குறைவு. அம்மா உதவி செய்தால் போதுமா?”

இப்போதே வேண்டாம் என்பதே கவலை என்றால்: “இ.ஜி.எஃப்.ஆர். இப்போது எவ்வளவு? எந்த அறிகுறி வந்தால் தொடங்க வேண்டும்?” இது நியாயமான கேள்வி. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்த ஓர் ஆய்வு 2010-இல் வெளியானது. இ.ஜி.எஃப்.ஆர். 10 முதல் 14 வரை இருக்கும்போதே தொடங்கத் திட்டமிடப்பட்டவர்களையும், 5 முதல் 7 வரை இறங்கும்வரை காத்திருக்கச் சொல்லப்பட்டவர்களையும் அது ஒப்பிட்டது. உயிர்வாழும் வாய்ப்பில் வேறுபாடு தெரியவில்லை. ஆனால் காத்திருந்தவர்களில் பலர், அறிகுறிகள் வந்ததால் திட்டமிட்டதற்கு முன்பே தொடங்க நேர்ந்தது. எண்ணோடு உடல்நிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதே இதன் பாடம்.

எந்த நிலையிலும் வேண்டாம் என்பது பாட்டியின் தெளிவான விருப்பம் என்றால்: “கன்சர்வேட்டிவ் சிகிச்சை பற்றி விளக்குங்கள். அதைத் தேர்ந்தெடுத்தால் வரும் மாதங்கள் எப்படி இருக்கும்?” முடிவெடுக்க முடியாமல் தவிப்பவர்களுக்கு நடுவழி ஒன்றும் உண்டு. “சில வாரம் டயாலிசிஸ் செய்து பார்த்துவிட்டு, தொடர்வதா நிறுத்துவதா என்று பேசலாமா?” என்று கேட்கலாம். மருத்துவர்கள் இதைக் ‘கால வரம்புள்ள முயற்சி’ என்பார்கள்.

சொல்லை மட்டும் தெரிந்துகொண்டால் போதாது. அதோடு வாழ்க்கை விவரத்தையும் சேர்க்க வேண்டும் என்பதைக் கவனித்தீர்களா? கண் பார்வை, உதவிக்கு இருக்கும் ஆள், வீட்டுக்கும் மையத்துக்கும் உள்ள தூரம், வேலை நேரம், திரவப் பெட்டிகளை அடுக்க வீட்டில் இடம், செலவு, இவை எதுவும் இரத்தப் பரிசோதனையில் தெரியாது. நீங்கள் சொன்னால்தான் டாக்டருக்குத் தெரியும். செலவு பற்றிக் கேட்கத் தயங்க வேண்டாம். மருத்துவமனையில் மருத்துவச் சமூகப்பணியாளர் இருப்பார். வேலை செய்து பெர்கேசோ சந்தா கட்டியவர்களுக்கு, நிபந்தனைகளுக்கு உட்பட்டு, டயாலிசிஸ் உதவி கிடைக்கும் வாய்ப்பும் உண்டு.

ஒவ்வாமையா, பக்க விளைவா?

நீரிழிவு உள்ளவர்களின் சிறுநீரகத்தைக் காக்கப் பெரிண்டோபிரில், எனலாபிரில் போன்ற மாத்திரைகளைக் கொடுப்பது வழக்கம். இவை ஏ.சி.இ. தடுப்பான் என்ற வகையைச் சேர்ந்தவை. சிலருக்கு இவற்றால் வறட்டு இருமல் வரும். “இந்த மருந்து எனக்கு அலர்ஜி” என்று சொன்னால் டாக்டர் அதை ஒவ்வாமை என்று பதிவு செய்யக்கூடும். எதுவும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டால் இன்னும் மோசம், சிறுநீரகத்துக்கு இருந்த பாதுகாப்பே போய்விடும்.

ஒவ்வாமை என்பது உடலின் எதிர்ப்பு மண்டலம் மருந்தை எதிரியாக எண்ணித் தாக்குவது. தோல் தடிப்பு, மூச்சிரைப்பு, முகவீக்கம் ஆகியவை அதன் அடையாளங்கள். பக்க விளைவு என்பது மருந்தின் வேலையோடு சேர்ந்து வரும் தொல்லை. இருமல் இரண்டாவது வகை. “மாத்திரை தொடங்கிய பிறகு வறட்டு இருமல் வருகிறது. இது பக்க விளைவா? வேறு வகை மருந்து உண்டா?” என்று கேட்டால், லோசார்ட்டான் போன்ற ஏ.ஆர்.பி. வகை மருந்துக்கு மாற்ற முடியுமா என்று டாக்டர் பார்ப்பார். ஆனால் உதடோ நாக்கோ வீங்கினால் அது அவசர நிலை. அடுத்த சந்திப்புவரை காத்திருக்கக் கூடாது.

‘பாதியாகக் குறையும்’ என்றால்?

ஒரு சிகிச்சை ஆபத்தைப் பாதியாகக் குறைக்கும் என்று கேள்விப்பட்டால், “100 பேரில் எத்தனை பேருக்கு?” என்று கேளுங்கள். 100 பேரில் 40 பேருக்கு வரவேண்டியது 20 ஆனாலும் பாதிதான். 2 பேருக்கு வரவேண்டியது ஒருவருக்கு ஆனாலும் பாதிதான். முதலாவதில் 20 பேர் தப்புகிறார்கள், இரண்டாவதில் ஒருவர். விழுக்காட்டுக் கணக்கு நீங்கள் ஏற்கெனவே கற்றது. அதைக் கிளினிக்கிலும் பயன்படுத்துங்கள்.

மொழிபெயர்க்கும்போது

1. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். பாட்டி வருத்தப்படுவார் என்று எதையும் மறைக்காதீர்கள்.

2. தெரியாத சொல் வந்தால் ஊகிக்காதீர்கள். “டாக்டர், இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்? எளிமையாகச் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். எழுதித் தரும்படியும் கேட்கலாம்.

3. புரிந்ததைத் திருப்பிச் சொல்லிச் சரிபாருங்கள். “நான் புரிந்துகொண்டது இதுதான், சரியா?” என்ற ஒரு கேள்வி பல குழப்பங்களைத் தடுக்கும். பாட்டியையும் அவர் வார்த்தைகளில் சொல்லச் சொல்லுங்கள்.

4. முடிவு உங்களுடையதன்று. “பாட்டிக்கு எது நல்லதென்று நீயே சொல்” என்று யாராவது கேட்டால், பாட்டியிடமே திருப்பிக் கேளுங்கள். டயாலிசிஸ் தொடங்குவது போன்ற பெரிய விஷயங்களைப் பேசும் நாளில், பெரியவர் ஒருவர் உடன் வரட்டும். தமிழ் தெரிந்த டாக்டரோ தாதியோ இருக்கிறார்களா என்றும் கேட்கலாம். கெட்ட செய்தியைச் சொல்லும் சுமையை ஒரு மாணவர் தனியாகத் தாங்க வேண்டியதில்லை.

5. மூன்று கேள்விகளை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்: என்னென்ன வழிகள் இருக்கின்றன? ஒவ்வொன்றிலும் நன்மை என்ன, தீமை என்ன? அவை இவருக்கு நேரும் வாய்ப்பு எவ்வளவு?

செய்து பாருங்கள்

வீட்டில் பெரியவர் ஒருவரின் அனுமதியோடு, அவர் உட்கொள்ளும் மாத்திரைகளின் பட்டியலைத் தயாரியுங்கள். உறையில் உள்ள மருந்தின் பெயர், அளவு, எந்த வேளை, எதற்காக என்று நான்கு கட்டங்கள் போடுங்கள். ‘எதற்காக’ என்ற கட்டத்தில் “தெரியவில்லை” என்று வரும் மருந்துகளைச் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். கடைசியாக, எடுத்த இரத்தப் பரிசோதனைகளின் தேதியையும் இ.ஜி.எஃப்.ஆர். எண்ணையும் கீழே குறியுங்கள். மாத்திரை எதையும் நீங்களாக நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம். அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது அந்தத் தாளை எடுத்துச் சென்று, வட்டமிட்ட மருந்துகளைப் பற்றி முதலில் கேளுங்கள்.